அலவி மச்சானும் தொங்கிய கிளைகளும்

வெள்ளவத்தையில், கடலோர றெயில் பாதைக்குச் சற்று உள்ளே, நூலும் பொத்தானும் லேசும் விற்கிற ஒரு சின்னக் கடையை வைத்திருந்தார் எங்கள் அலவி மச்சான். என் தாத்தா பைறோஸாவின் கணவர். எங்கள் வீடுகளில் கூடப்பிறந்த அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவோம். வேறு ஊர்க்காரர்கள் கேட்டுச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மச்சானைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய பயத்தைத்தான் சொல்ல வேண்டும். மழை பெய்தால் கூரை ஒழுகி லேஸ் எல்லாம் பழுதாகும் என்று பயம். மழை பெய்யாவிட்டால் கிணறு வற்றும் என்று பயம். வழக்கமாக வருகிற பெண்பிள்ளை ஒரு வாரம் கடைக்கு வராவிட்டால் அவளுக்குச் சுகமில்லையோ என்று பயம். வந்தால், வெயிலில் நடந்து வந்தாளே, இனிச் சுகமில்லாமல் போகுமோ என்று பயம். மீன் சாப்பிடுகிறபோது அவர் முள் எடுக்கிற அழகைப் பார்த்தால் நமக்குப் பசி போய்விடும். நான் அதற்கு நேர்மாறு. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. வாய் சும்மா இராது, கால் அதைவிடச் சும்மா இராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போவதே மச்சானைச் சீண்டத்தான் என்று தாத்தா சொல்வாள்.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மலேரியாக் காய்ச்சல் நாட்டையே உலுப்பிய வருடம், மாவனல்லையில் ஒரு கல்யாணத்துக்குப் போன தாத்தா காய்ச்சலோடு திரும்பி வந்தாள். கொயினா மருந்தைக் கொடுத்துக் கொடுத்து உயிரை மீட்டார்கள். உயிர் வந்தது, காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேளாது. வாய் அசைவதைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வாள். பின்னால் போய் யாராவது தோளைத் தொட்டால் துள்ளி விழுவாள். அப்படித் துள்ளியதில் எத்தனையோ கோப்பைகள் உடைந்திருக்கின்றன. அதனால் வீட்டில் யாரும் அவளிடம் பின்பக்கமாகப் போவதில்லை. சுற்றிப் போய் முகத்துக்கு முன்னால் நிற்போம். பிள்ளை குட்டியும் இல்லாத வீடு. மச்சானுடைய பயம் முழுவதும் அவள் ஒருத்தி தலையிலேயே விடிந்தது.

காது போனபின் தாத்தாவுக்குக் கண் இரண்டு மடங்காகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போனால் திரை கட்டிய றிக்ஷோவில்தான் போவார்கள். அந்தத் திரையின் இடுக்கால் பார்த்தே, பாமன்கடைப் பாலத்தடியில் நீலமாக ஒன்று பூத்திருக்கிறது, வாய்க்கால் கரையில் மஞ்சளாக ஒன்று தலைநீட்டியிருக்கிறது என்று வந்து சொல்வாள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் அடையாளம் சொல்லிப் பெயர் கேட்டுக்கொள்வாள். பூவைப் பறிக்கவே மாட்டாள். பறித்தால் வாடும், வாடினால் அது வேறு பூ என்பாள். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், றெயில் பாதை ஓரம் மணலில் அடம்பன் பூ விரிகிறதைப் பார்க்கப் போவாள். வருகிற றெயில் அவளுக்குக் கேளாது. மச்சான் குடையும் கையுமாக, தெற்கே ஒரு பார்வை வடக்கே ஒரு பார்வை என்று, அவளுக்குப் பின்னால் திருடனைப் போல நிற்பார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம். பண்டாரவளையில் கடை வைத்திருந்த இஸ்ஸதீன் ஹாஜியார் சரக்கெடுக்கக் கொழும்புக்கு வந்தவர், மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மலைப் பக்கத்துப் பூக்களைப் பற்றி ஏதோ சொல்லிவைத்தார். ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிற ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறதாம். அதன் ஓரமாகத் தோட்டத்து ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையாம். கொழும்பில் மழை கொட்டுகிற மாதங்களில் அங்கே வெயிலாம். புல்லுக்குப் புல் பூவாம். தாத்தா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனபின் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

“இஞ்சருங்கொ, அந்தப் பூவ எனக்கு ஒருக்காப் பாக்கோணும்.”

அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. மாட்டேன் என்று சொன்னால் மனம் உடைந்து நோயில் விழுந்துவிடுவாளோ என்று மச்சானுக்குப் பயம். கூட்டிக்கொண்டு போனால் மலையிலிருந்து விழுந்துவிடுவாளோ என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு வாரம் தூங்காமல் கிடந்துவிட்டு, கடைசியில் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போவதென்று முடிவெடுத்தார்.

புறப்படுவதற்கு முன் அவர் செய்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். காட்டில் தவறிப்போனால் கூப்பிட்டு என்ன பயன், அவளுக்குத்தான் கேளாதே. ஆகவே, தனியாகப் போக நேர்ந்தால், பாதை பிரிகிற இடத்தில் இலையோடு ஒரு சின்னக் கிளையை முறித்து, போகிற பக்கத்து மரத்தில் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட வேண்டும். நாங்கள் அதைப் பார்த்துப் பின்னால் வருவோம். இதை வீட்டு முற்றத்து முருங்கை மரத்தில் அவளைக்கொண்டு பழக்கியும் பார்த்தார்.

“மச்சான், முருங்கைக் கீரையும் ஆஞ்ச மாதிரி, பாடமும் படிச்ச மாதிரி” என்றேன்.

“நீ சிரி, ஸவாஹிர். சிரிக்கிற ஆளுக்கு என்ன” என்றார் அவர்.

பண்டாரவளைக்குப் போய், இஸ்ஸதீன் ஹாஜியார் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் நடந்தோம். பள்ளத்தாக்கைக் கண்டதும் மச்சான் ஒரு பக்கமாக மலையை ஒட்டிக்கொண்டார். முன்னால் நான், நடுவில் தாத்தா, பின்னால் அவர். தாத்தா முக்காட்டைத் தோளில் விட்டிருந்தாள். அவளைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? அவள் நடந்த நடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புல்சரிவில் ஊதாப் பூ ஒன்றைக் கண்டு “பினர, பினர!” என்று சத்தமிட்டாள். தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாததால் அது மலையில் மோதித் திரும்பி வந்தது. நடுவில் மஞ்சள் குத்திட்ட அந்தப் பூவுக்கு முன்னால் குந்தியிருந்து, இதழைத் தொடாமல் விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பிறகு போவிட்டியாப் பூ. பிறகு பெயர் தெரியாத வெள்ளைப் பூ. ஒவ்வொன்றுக்கும் அவள் குந்தும்போது மச்சான் அவளுடைய முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூவை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

லுஹர் தொழுகை நேரம் முடியப்போகிற பிற்பகலில் ஒரு நீரோடையை அடைந்தோம். கை கால் முகம் கழுவி உளூச் செய்துகொண்டு தாத்தா முதலில் தொழுதாள். தொழுது முடித்துச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இடப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். அசையக்கூடாது என்று மச்சான் விரலை ஆட்டிச் சொன்னார். அவள் தலையாட்டினாள். நாங்கள் இருவரும் தட்டையான பாறையில் தொழ நின்றோம், மச்சான் முன்னால், நான் ஓரடி பின்னால். பாதித் தொழுகையில் பை கல்லில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மச்சானுக்கும் கேட்டிருக்கும், அவருடைய முதுகு இறுகியதை நான் பார்த்தேன். ஆனாலும் தொழுகையில் நின்றவர் தலையைத் திருப்பவில்லை. தொழுகையை முடிக்க, வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் ஸலாம் கொடுக்கத் திரும்பினார். கல்லில் பை மட்டும் இருந்தது.

“பைறோஸா!” என்று கத்தினார். கத்திவிட்டு, கத்திப் பயனில்லை என்று நினைவு வந்து, என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குக் கேலி எல்லாம் மறந்து போயிற்று.

ஓடினோம். சற்றுத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலே ஏறியது, மற்றது ஆற்றுப் பக்கமாக இறங்கியது. மேலே ஏறுகிற பாதையில், சரியாக எங்கள் கண்ணுக்கு நேரே, வாடாத இலையோடு ஒரு கிளை தொங்கியது.

“பாத்தியா! தொங்கவிட்டிருக்கா! என்ட புள்ள மறக்கல்ல!” என்று மச்சான் அழுதுவிடுவார் போல் ஆனார். முருங்கை மரத்தடியில் சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஏறினோம். கொஞ்சம் போனதும் இன்னொரு கிளை. அதற்கப்பால் இன்னொன்று. மச்சான் மூச்சு வாங்க வாங்க, “நல்லா வச்சிரிக்கா, நல்லா வச்சிரிக்கா” என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு வளைவைத் தாண்டினோம். அங்கே ஒரு மரம் நின்றது. அதன் கிளை ஒவ்வொன்றிலும் இலைக்கொத்துகள். பச்சை, வாடியது, காய்ந்து சருகானது, தொட்டால் உதிர்வது என்று மரம் கொள்ளாமல் தொங்கின.

மச்சான் காய்ந்த கொத்தொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “இது அவ வச்சதில்ல” என்றார்.

பின்னால் ஆளரவம் கேட்டது. விறகுக் கட்டோடு ஒரு பெண்ணும், கத்தியும் கயிறுமாக அவள் புருஷனும் ஏறி வந்தார்கள். தோட்டத்து ஆட்கள். அந்தப் பெண் விறகை இறக்கிவிட்டு, பக்கத்துச் செடியில் ஒரு கொத்தை முறித்து மரத்தில் செருகிக் கும்பிட்டாள். அப்புறம்தான் எங்களைப் பார்த்தாள்.

“என்ன இது?” என்று கேட்டேன்.

“ஐயனாரு சாமிக்கு வக்கிறதுங்க” என்றாள் அவள். “காட்டுக்குள்ள போறவுக பத்திரமா திரும்பணுமுன்னு வக்கிறது. இந்த வழியில போற வார எல்லாரும் வப்போம்.”

கொழும்புத் தெருவிலேயே நடந்து பழகிய எங்களுக்கு இது எங்கே தெரியும்? ஊரெல்லாம் சாமிக்குத் தொங்கவிடுகிற கிளையையே அடையாளமாக வைத்துக்கொண்டு, அதைப் பின்தொடர்ந்து நாங்கள் மலை ஏறிக்கொண்டிருந்தோம். மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்: காது கேளாத பெண், தனியாகப் போய்விட்டாள், கிளை தொங்கவிடச் சொல்லியிருந்தோம்.

அந்தப் பெண்ணின் பெயர் ராக்கம்மா, புருஷன் சுடலைமுத்து. சுடலைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே யோசித்தான்.

“கீழ்ப் பாதையில ஒண்ணு தொங்குச்சுங்க மொதலாளி. அங்கிட்டு யாரும் போறதில்ல, வக்கிறதுமில்ல. யாரோ புதுசா வச்சிருக்காகளேன்னு நானும் ஒண்ணு முறிச்சுப் பக்கத்துல வச்சிட்டு வந்தேன்.”

“நாங்க பாக்கல்லியே!” என்றேன்.

“தாழ இருந்துச்சுங்க. இந்தா, இம்புட்டு ஒசரம்” என்று தோளுக்குக் கீழே கையைக் காட்டினான்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணுக்கு நேராக என்று பழக்கியவர், யாருடைய கண்ணுக்கு என்று யோசிக்கவில்லை. தாத்தா குட்டையான பெண். அவள் தன் கண்ணுக்கு நேராக வைத்தாள். நாங்கள் எங்கள் கண்ணுக்கு நேராகத் தேடினோம்.

“அங்கிட்டு ஏன் யாரும் போறதில்ல?” என்று கேட்டார் மச்சான். எனக்கென்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கலாம் என்றிருந்தது.

“பாறை வழுக்குங்க” என்றாள் ராக்கம்மா. “போன வருசம் ஒரு மாடு போயிருச்சு.”

சுடலைமுத்து கயிற்றோடு எங்களுக்கு முன்னால் ஓடினான், ராக்கம்மா விறகை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். கீழ்ப் பாதைத் தொடக்கத்தில் இரண்டு கொத்துகளும் அக்கம்பக்கமாகத் தொங்கியதை நானே பார்த்தேன். பாதை ஈரமாக இறங்கியது. ஆற்றுச் சத்தம் காதை அடைத்தது. மச்சான் இரண்டு தடவை விழுந்து எழும்பினார். இடுப்புச் சாரம் முழுவதும் சேறு, குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி மட்டும் எப்படியோ தலையிலேயே இருந்தது. பள்ளத்திலிருந்து வெண்மேகம் மெல்ல ஏறி வரத் தொடங்கியிருந்தது.

ஒரு திருப்பத்தில் சுடலைமுத்து சட்டென்று நின்றான். பாதைக்கு வெளியே, பள்ளத்தின் மேல் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. பாசி பிடித்து, நீர் வடிந்து, விளிம்புப் பக்கமாகச் சரிந்த பாறை. அதன் விளிம்பிலிருந்து ஓரடிக்குள் தாத்தா நின்றாள், எங்களுக்கு முதுகு காட்டி. பக்கத்துப் பாறைச்சுவரில் சிங்களத்தில் குடலு என்கிற காசித்தும்பைப் பூக்கள் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவள் அவற்றின் பக்கமாகக் கொஞ்சம் குனிந்திருந்தாள்.

நான் பாய்ந்தேன். நாலு எட்டில் போய்ப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். பொத்தான் எண்ணிப் போடுகிற அந்த மெல்லிய விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“தொடாத” என்றார். “தொட்டாத் துள்ளுவா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் சுற்றிப் போய் முகத்துக்கு முன்னால் நிற்போம். இங்கே அவளுடைய முகத்துக்கு முன்னால் வெறும் ஆகாயம்தான் இருந்தது.

“அப்ப என்ன செய்ற? சும்மா நிக்கிறதா?”

“ஓம். அவளாத் திரும்புற வர.”

“கயித்த வீசுவமா மொதலாளி?” என்று சுடலைமுத்து கிசுகிசுத்தான். மச்சான் வேண்டாம் என்று தலையாட்டினார். கயிறு மேலே பட்டாலும் துள்ளுவாள். பாறை தொடங்குகிற இடத்தில் போய், அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்றோம். தாத்தா அசையவில்லை. ஒரு பூவை இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திரும்படி, திரும்படி என்று மனதுக்குள் திட்டினேன்.

அவள் திரும்பவில்லை. மேகம்தான் வந்தது. முதலில் பூக்கள் மறைந்தன. அப்புறம் விளிம்பு மறைந்தது. அப்புறம் தாத்தாவின் பச்சை முக்காடு மங்கி மங்கி, இல்லாமலே போயிற்று. எங்களுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள் அவள் ஓரடி எடுத்து வைத்தாலும் எங்களுக்குத் தெரியாது. விழுந்தாலும் ஆற்றுச் சத்தத்தில் கேளாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. என் கால் தானாக முன்னால் போயிற்று. மச்சான் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி என் சாரத்தைப் பிடித்து நிறுத்தினார். இலை விழுந்தாலும் எழும்பி ஓடுகிற மனிதர், உதடு மட்டும் ஓதிக்கொண்டிருக்க, கல்லில் கல்லாக இருந்தார்.

மேகம் கலைந்தது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து சாய்ந்த வெயில் விழுந்தது. பச்சை முக்காடு அதே இடத்தில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

தாத்தா அப்போதும் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே மெதுவாக முழங்காலை மடக்கினாள். பாறையில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, ஒரு கை, ஒரு கால், மறு கை, மறு கால் என்று பின்னுக்கு நகர்ந்தாள். ஒரு தடவை கால் வழுக்கியது. ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் அசையவில்லை. நகர்ந்து நகர்ந்து பாசி முடிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள் தாத்தா. அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

“ஒனக்குப் பைத்தியமா?” என்று நான் கத்தினேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது.

“பூவப் பாக்கப் பாக்கக் கிட்டப் போய்ட்டன்” என்றாள். “பொறகுதான் கீழ பாத்தன். அடி தெரியல்ல. காலு வரல்ல. அப்பிடியே நிண்டன். மொகிலு போனொடன ஒங்கட நெழலு பக்கத்துல விழுந்திச்சி, தொப்பிக் குஞ்சம் ஆடினிச்சி.”

மச்சான் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“பாத்தொடன எனக்குப் பயம் கூடிட்டு. யா அல்லாஹ், இந்த மனிசன் இப்ப ஓடி வந்து புடிப்பாரே, புடிச்சா ரெண்டு பேரும் போவமே எண்டு. நெழலையே பாத்துக்கொண்டு நிண்டன். நெழலு வரல்ல. இவரு வரமாட்டாரு எண்டு தெரிஞ்ச பொறகுதான் எனக்குக் காலு வந்திச்சி.”

மச்சான் தலையாட்டினார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த நடுக்கம் எல்லாம் ஒன்றாக வந்து, பல்லும் முழங்காலும் சேர்ந்து ஆடின. சுடலைமுத்துவும் நானும் கைகொடுக்கப் போனோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

“பைறோஸா, எனக்கு எழும்ப ஏலா” என்றார், அவளுக்கு வாய் தெரியும்படி முகத்தை உயர்த்தி.

தாத்தா அவருடைய இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, அந்தக் குட்டை உடம்பால் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.